முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஐந்து மீற்றர்

முதலாம் தவணை தொடங்கி, பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை நடக்கத் தொடங்கினால் படப்பிடிப்பாளனான என் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்கள் கல்யாண வீட்டுக்காரர் அல்லர், தகப்பன்மார். "அண்ணை, மகன் இந்த முறை ஐம்பது மீற்றர் ஓடுறான். ஒரு லென்ஸ் வாங்குவம் எண்டு இருக்கிறன். அறுநூறு மில்லிமீற்றர் காணுமோ?" இது கொழும்பில் வெள்ளவத்தை. கொட்டாஞ்சேனை என்றால் பேச்சு வேறு: "அண்ணே, நம்ம புள்ள ஃபுட்போல் ஆடுது. போன்ல எடுத்தா எறும்பு மாதிரிதான் வருது. எந்த லென்ஸ் எடுக்கலாம்?" இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்த மைதானம், உங்களை எங்கே நிற்க விடுவார்கள்?

அந்த அறுநூறை எங்கள் தலைக்குள் ஏற்றியது தொலைக்காட்சி. ஆர். பிரேமதாச மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது, எல்லைக் கயிற்றுக்கு வெளியே விளம்பரப் பலகைக்குப் பின்னால் பெரிய வெள்ளை லென்ஸ்களோடு வரிசையாகக் குந்தியிருக்கும் படப்பிடிப்பாளர்களை நடுநடுவே காட்டுவார்கள். விளையாட்டுப் படம் என்றால் அதுதான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. (அந்த வெள்ளை அழகுக்குப் பூசியதல்ல. கெனன் தன் பெரிய டெலி லென்ஸ்களில் போடும் ஃபுளோரைட் கண்ணாடி சூடேறினால் விரியும். வெள்ளை நிறம் வெயிலைக் குறைவாக உறிஞ்சும். கொழும்பு வெயிலில் கறுப்பு லென்ஸ் ஒன்றை மதியம் முழுக்கத் தூக்கித் திரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.) அவர்களுக்கும் மட்டையாளருக்கும் இடையில் அறுபது, எழுபது மீற்றர் வெளி கிடக்கிறது. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் இடையில் அவ்வளவு கிடக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கிக் கட்டப்பட்ட வெள்ளவத்தையிலும், துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும், பாடசாலை வளவுக்குள் முழு ஓடுதளம் போட எங்கே இடம்? பெரிய வகுப்புகளின் போட்டிக்கு வெளியே மைதானம் எடுப்பார்கள். ஆரம்பப் பிரிவின் போட்டியைப் பல இடங்களில் முற்றத்திலேயே முடித்துவிடுவார்கள். சுண்ணாம்புக் கோடு, கோட்டை ஒட்டிக் கயிறு, கயிற்றை ஒட்டிப் பிளாஸ்டிக் கதிரை, கதிரையில் அம்மம்மா. பின்னால் நகர ஓர் அடி கிடையாது. அங்கே 600 மில்லிமீற்றர் லென்ஸோடு போனவர், தன் பிள்ளையின் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதும். லென்ஸின் குவிய நீளத்தைப் பிள்ளையின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சரில் பிள்ளை எத்தனை மில்லிமீற்றர் உயரமாக விழும் என்று வரும். 1.2 மீற்றர் உயரப் பிள்ளை, 20 மீற்றர் தூரம், 200 மில்லிமீற்றர் லென்ஸ்: விடை 12 மில்லிமீற்றர். ஃபுல் ஃபிரேம் கமராவைக் கிடையாகப் பிடித்தால் சட்டத்தின் உயரம் 24 மில்லிமீற்றர். ஆகவே பிள்ளை பாதிச் சட்டத்தை நிறைக்கும். சிறிய சென்சர் உள்ள சாதாரண கமராவில் அந்த உயரம் ஏறக்குறைய 16 தான், அதில் முக்கால்வாசி நிறைந்துவிடும். அதாவது பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கிடக்கும் அந்தச் சின்னக் கமராவுக்கு, 20 மீற்றரில் 200 தாராளம். மைதானத்துக்கு ஒரு தரம் முதல் நாளே போய், நிற்கப்போகும் இடத்திலிருந்து கோடுவரை காலடியால் அளந்து வந்தால் கடையில் அரைமணி நேரம் மிச்சம்.

கண்ணை மட்டும் நம்பி அளக்க வேண்டாம். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடியது. இன்று பி. சரவணமுத்து மைதானம் என்று நாம் சொல்லும், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில். ஆடுகளம் ஏதோ குட்டையாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு அளந்து பார்த்தால், 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது. மைதானம் தயாரிக்கிறவர்களுக்கே அந்த இரண்டு யார் தப்பிப்போயிருக்கிறது.

சரி, தூரம் தெரிந்துவிட்டது. இனித்தான் நான் பிடிவாதமாக வைத்திருக்கும் ஒரு கருத்து. பிள்ளைகளின் ஓட்டத்தில் படம் கிடைக்கும் இடம் ஓடுபாதை அல்ல. முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு வரும் ஐந்து மீற்றர்தான். வளர்ந்த வீரர் கோட்டைத் தாண்டும்போதே வென்றதும் தோற்றதும் அவருக்குத் தெரியும், முகம் அங்கேயே மாறிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அது கயிற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஓடி, நிற்க மறந்து இன்னும் கொஞ்சம் ஓடி, பிறகு திரும்பிப் பார்க்கும். ரீச்சர் கையைப் பிடித்து முதலாம் இடத்துக் கொடியிடமோ நான்காம் இடத்து வெறுமையிடமோ கொண்டுபோய் நிறுத்துவார். அப்போதுதான் அந்த முகத்தில் செய்தி வந்து சேரும். அடுத்த கணம் கண்கள் கூட்டத்தில் அம்மாவைத் தேடும். கண்டுபிடித்ததும் இன்னொரு முகம் வரும். மூன்று முகங்களும் எட்டுப் பத்து விநாடிக்குள் வந்துபோகும், எல்லாம் உங்களிலிருந்து பத்து மீற்றருக்குள். கடைசியாக வரும் பிள்ளைக்கும் இந்த ஐந்து மீற்றர் உண்டு. பல வேளைகளில் அதன் படம்தான் வெற்றியாளரின் படத்தைவிட நன்றாக வருகிறது.

ஆகவே லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை இரண்டாவதாகக் கேட்கிறேன். முதலில் கேட்பது, அது எவ்வளவு கிட்டத்தில் வேலை செய்யும் என்று. அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கமராவை நிமிர்த்திப் பிடித்து, 1.2 மீற்றர்ப் பிள்ளையைத் தலை முதல் கால் வரை அடக்க வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 70 மில்லிமீற்றருக்கு இரண்டரை மீற்றர் இடைவெளி போதும், சின்னச் சென்சரில் மூன்றரை. 150-600 லென்ஸை அதன் ஆகக் குறைந்த நீளத்தில் வைத்தாலும் ஃபுல் ஃபிரேமில் ஐந்து மீற்றர், சின்னச் சென்சரில் ஏழரை மீற்றர் வேண்டும். ஓடி வந்த பிள்ளையை அம்மா குனிந்து தூக்கினால்? நிமிர்ந்து நிற்கும் அம்மாவுக்கு 1.6 மீற்றர் வையுங்கள், அந்தச் சின்னச் சென்சருக்குப் பத்து மீற்றர் போய்விடும். பத்து மீற்றருக்குப் பின்னால் சிற்றுண்டிச்சாலைச் சுவர் நிற்கும்.

கோட்டுக்கு அப்பால், ஓடிவரும் திசைக்கு நேரே நிற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. குறுக்கே ஓடும் பிள்ளையை உறையவைக்க ஷட்டர் 1/1000 ஆவது வேண்டும், கைகால்கள் உடலைவிட வேகமாக வீசும். நம்மை நோக்கி ஓடிவரும் பிள்ளை சட்டத்துக்குள் பக்கவாட்டில் அதிகம் நகர்வதில்லை, 1/500 போதும். அதாவது பாதி வெளிச்சத்தில் அதே படம். ஒருவர் இடம் மாறி நின்றதால் கிடைத்த இந்த ஒரு ஸ்டொப்பை, லென்ஸ் மாற்றி வாங்க வேண்டுமானால் எவ்வளவு விலை என்பதை விலைப்பட்டியலில் பாருங்கள்.

இடத்தின் பெறுமதிக்கு உலகப் பிரசித்தமான சாட்சி ஒன்று உண்டு. 1965 மே 25 அன்று, அமெரிக்காவின் மெயின் மாநிலத்து லூயிஸ்டன் நகரில், விழுந்து கிடக்கும் சனி லிஸ்டனுக்கு மேல் முகமது அலி கையை மடக்கிக் கொண்டு கத்தும் படம். எடுத்தவர் நீல் லீஃபர், அப்போது வயது 22. கையில் இருந்தது ரோலிஃபிளெக்ஸ், லென்ஸ் கழற்ற முடியாத பெட்டிக் கமரா. படத்தை உற்றுப் பாருங்கள். அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் ஒரு படப்பிடிப்பாளர் தெரிகிறார். ஹேர்ப் ஷார்ஃப்மன், லீஃபரைவிட மூத்தவர், அனுபவசாலி. அவருக்கு அந்தக் கணத்தில் கிடைத்தது அலியின் முதுகு.

நிற்பதோடு முடியவில்லை, முழங்காலும் போட வேண்டும். முதலாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் தொப்பி விளிம்பும் நிழலடித்த முகமும்தான் வரும். நாங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறோம். பங்குனி, சித்திரையில் நடுப்பகல் வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும், கண்குழி இரண்டும் இருண்டுபோகும். முழங்காலில் இருந்தால் சுண்ணாம்பும் வெளிர்மண்ணும் கீழிருந்து திருப்பி எறியும் வெளிச்சம் முகத்தில் விழுவதைக் காணலாம். பின்னணியும் மாறும். நின்றால் பின்னணி மண். குந்தினால் இல்லச் சோடனை, கொடி, சில வேளை வானம். பந்தலில் தொங்கும் விளம்பரப் பதாகை மட்டும் எந்த உயரத்திலும் தப்பாமல் வந்து நிற்கும், அதற்கு மருந்து இல்லை.

முழங்காலில் இருந்து எழும்பி, நாலடி நகர்ந்து, திரும்பக் குந்தி, இப்படியே மாலைவரை. அப்போது எடை பேசும். கெனனின் இ.எஃப் 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸ் மட்டும் 1,490 கிராம். அதே நீளத்தில் எஃப் 4, அசைவுத் தடுப்பு இல்லாத பழைய பதிப்பு, 705 கிராம், பாதிக்கும் குறைவு. மிரர்லெஸ் கமராக்களுக்கென வந்த புதிய எஃப் 2.8 லென்ஸ்கள் இளைத்துவிட்டன. சொனியின் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம், கெனனின் ஆர்.எஃப் 1,070. விலை மட்டும் இளைக்கவில்லை. ஒற்றைக்கால் தாங்கியைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. துடுப்பாட்டத்தில் ஓரிடத்தில் இருப்பவருக்கு அது சரி, குந்தி எழும்பும் வேலைக்கு அது இன்னொரு கால்தடுக்கி.

எடைக்குப் பிறகு வெளிச்சம். எஃப் 2.8 இல்லாமல் விளையாட்டு எடுக்க முடியாது என்று சொல்பவரை நான் பகல் இரண்டு மணிக்கு நம்புவதில்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200 வைத்து, எஃப் 5.6 இல் 1/1600 கிடைக்கும். அப்போது கமராவோடு வரும் 55-250 லென்ஸே போதும். 375 கிராம், பழையதாக வாங்கினால் பெரிய லென்ஸ் விலையில் ஒரு சின்னப் பங்கு. ஆனால் எந்த விளையாட்டுப் போட்டி நேரத்துக்கு முடிந்திருக்கிறது? பிரதம விருந்தினர் தாமதம். அணிநடை இரண்டு சுற்று. உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு ஒலிபெருக்கி மக்கர். வினோத உடையில் ஒரு பிள்ளை மேடையை விட்டு இறங்க மறுக்கும். எல்லாரும் காத்திருக்கும் அஞ்சலோட்டம் கடைசியில்தான், மாசி மாதத்தில் ஆறு மணி தாண்டிய பிறகு. ஆறு இருபது போல் சூரியன் கடலுக்குள் போய்விடும். நமது ஊரில் அந்தி நீண்டு கிடப்பதில்லை, சட்டென்று இருட்டும். வெயில் முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்த அந்த நேரத்தில் 1/800 வேண்டுமானால், எஃப் 5.6 லென்ஸ் ஐஎஸ்ஓ 3200 கேட்கும், எஃப் 2.8 லென்ஸ் 800 இல் நிற்கும். விலை வித்தியாசம் முழுக்க இந்த இருபது நிமிடத்துக்குத்தான். அஞ்சலோட்டத்தில் ஓடாத பிள்ளையின் தகப்பன் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். இன்றைய கமராக்களில் 3200 ஒன்றும் பெரிய குறையும் அல்ல. வாட்ஸ்அப்பில் பார்க்கிற அத்தைக்கு மணல்மணலாக இருப்பது தெரியப்போவதில்லை.

எஃப் 2.8 இன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 200 மில்லிமீற்றரில், பத்து மீற்றர் தூரத்தில், ஃபுல் ஃபிரேமில் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர்தான். ஒரு பிள்ளையின் நீட்டிய கைக்கும் முகத்துக்கும் அவ்வளவு காணும். அருகருகே ஓடும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி ஓர் அடி முந்தினால் மற்றவள் மங்கத் தொடங்குவாள். கயிறிழுத்தலில் எட்டுப் பேரும் தெரிய வேண்டுமென்றால் எஃப் 8க்கு மூடியே ஆகவேண்டும். பின்னணியைக் கரைப்பதற்கென்றே லென்ஸ் வாங்குபவர்கள் குழுப் போட்டியில் கூட்டாளிகளையும் கரைத்துவிடுகிறார்கள்.

என் தோள்பையில் எப்போதும் இருக்கும் இரண்டாவது லென்ஸ் 85 மில்லிமீற்றர் எஃப் 1.8. கெனனில் அது 1992இல் வந்த பழைய வடிவம், 425 கிராம், ஃபோகஸ் மோட்டார் இன்றும் சுறுசுறுப்பு. அதைவிட மலிவான 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம், ஆனால் ஓடிவரும் பிள்ளையைத் துரத்த அதன் மோட்டார் கொஞ்சம் சோம்பல். 85க்கு ஏற்ற இடத்துக்கு எடுத்துக்காட்டு தேசிக்காய் ஓட்டம். கரண்டிக் காம்பைப் பல்லால் கடித்து, இரண்டு கையையும் பின்னால் கட்டி, தேசிக்காய் உருளுமோ என்று இரண்டு கண்ணையும் மூக்கு நுனியில் சேர்த்து வைத்து நடக்கும் ஒரு சிறுமியை நாலு மீற்றரில் எதிர்கொள்ளுங்கள். மூச்சு விடக்கூடப் பயம் அதற்கு. கன்னம் உப்பியிருக்கும், கரண்டி நுனி நடுங்கும், உதட்டோரம் எச்சில் வழியத் தொடங்கும், துடைக்கக் கை இல்லை. எஃப் 1.8 இல் தெளிவின் ஆழம் ஒரு சாணளவு, கண்ணிலிருந்து தேசிக்காய் வரை சரியாக அடங்கும். பின்னால் கத்தும் ஊர் முழுதும் நிறப்புள்ளிகளாகிவிடும். யானைக்குக் கண் வைக்கும் போட்டி, பணிஸ் கடிக்கும் போட்டி எல்லாம் இந்த லென்ஸுக்கென்றே யாரோ கண்டுபிடித்தவை.

உள்ளரங்கு வேறு உலகம். சுகததாச உள்ளக அரங்கைப் போன்ற பெரிய இடத்திலும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவு, பாடசாலை மண்டபங்களில் அதைவிடக் குறைவு. கூடைப்பந்துக் களம் 28 மீற்றர் நீளம், வலைப்பந்துக் களம் 30.5. அடிக்கோட்டில், வளையத்துக்குச் சற்றுப் பக்கமாகக் குந்தினால் எறியும் பிள்ளை ஐந்தாறு மீற்றரில் நிற்கும், 85 மீண்டும் போதும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கமராவை நிமிர்த்தித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பெண்பிள்ளைகளின் வலைப்பந்து என்றதும் பெற்றோர் வாயில் முதலில் வரும் பெயர் ஈவினையின் தர்ஜினி சிவலிங்கம், 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் வென்ற அணியின் கோல் எறிபவர். 208 சென்ரிமீற்றர் உயரமான அவர் கையை உயர்த்தினால் வளையம் கைக்குக் கிட்ட வந்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வளையம் எங்கேயோ இருக்கிறது. அந்த இடைவெளியைக் காட்டுவதா, நோக்கும் முகத்தை மட்டும் காட்டுவதா என்று முன்கூட்டியே முடிவெடுத்தால்தான் லென்ஸ் கையில் வரும். இடைவெளிக்கு 35, முகத்துக்கு 85. இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறினால் பந்து விழுந்து ஆட்டம் அடுத்த பக்கம் போய்விடும்.

உள்ளரங்கில் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பாதி இருட்டாகவும் வருகிறது, லென்ஸ் பழுதோ என்று கேட்டு வருவார்கள். லென்ஸ் பாவம். நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, சில வகை விளக்குகள் அதனால் விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். 1/800 இல் சுடும் ஷட்டர் அந்த ஏற்றத்திலும் விழும், இறக்கத்திலும் விழும். இப்போதைய கமராக்கள் பலவற்றில் மினுக்கத் தடுப்பு என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் ஏற்றத்தில் மட்டும் சுடும். அந்த வசதி இல்லாத கமராவென்றால் ஷட்டரை 1/100க்கு இறக்கி, பிள்ளை வளையத்தை நோக்கி அசையாமல் நிற்கும் அரை விநாடியைப் பிடிக்க வேண்டியதுதான்.

துடுப்பாட்டத்தில் மட்டும் என் சின்ன லென்ஸ் வாதம் எடுபடாது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டம் என்றாலும் எல்லைக்கு வெளியேதான் நிற்க விடுவார்கள். ஐம்பது அறுபது மீற்றரில் 200 லென்ஸுக்கு விழும் பிள்ளை நாலைந்து மில்லிமீற்றர். 400 வேண்டும், சின்னச் சென்சரோடு சேர்ந்தால் பாதிச் சட்டம் நிறையும். 100-400 ஒன்றை இரவல் வாங்குங்கள், வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். வருஷத்தில் சில சனிக்கிழமைகளுக்காக அதைச் சொந்தமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்று வழி ஒன்று: ஆட்டமிழந்து கூடாரத்துக்குத் திரும்பும் பாதையில் நில்லுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமல், துடுப்பை நிலத்தில் இழுத்துக்கொண்டு, காற்கவசம் முழங்காலில் இடற நடந்துவரும் பன்னிரண்டு வயதுக்காரன் 85க்குள் அடங்குவான். அந்தப் படத்தை எடுக்கலாமா, கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அழுகிற படத்தை நான் குழுவில் போடுவதில்லை, அம்மாவுக்கு மட்டும் அனுப்புவேன். நீச்சல் போட்டியில் இன்னும் கறார். பாடசாலையின் அனுமதி எழுத்தில் இல்லாமல் கமராப் பையைத் திறப்பதில்லை. பெண்பிள்ளைகளைத் தொடக்க மேடைக்குப் பின்னாலிருந்து எடுப்பதில்லை. அடுத்தவர் பிள்ளையின் படம் அடுத்தவர் கைக்குப் போகாது. நீண்ட லென்ஸோடு தனியாக நிற்கும் ஆணைப் பார்த்து ஒரு தாய் சந்தேகப்பட்டு விசாரித்தால் கோபிக்க வேண்டாம், அவர் தன் வேலையைச் செய்கிறார்.

நீச்சல் தடாகம் என்றதும் இன்னொன்று. குளிரூட்டிய வாகனத்திலிருந்தோ அறையிலிருந்தோ நேரே தடாகக் கரைக்குப் போனால் லென்ஸ் முகம் முழுதும் ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். பையைத் திறக்காமலே வெளிச்சூட்டுக்கு விட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் போட்டியே உங்கள் மகளுடையதென்றால் வீட்டிலிருந்து அதற்கேற்பப் புறப்படுங்கள்.

இனி வாங்கும் கதை. 2022க்குப் பிறகு இந்தப் பேச்சின் சுருதியே மாறிவிட்டது. அந்த வருஷம் பங்குனியில் ஒரு டொலர் இருநூறு ரூபாய் சொச்சமாக இருந்தது, வைகாசிக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. புதிய லென்ஸ் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிய தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன். வெள்ளவத்தையில் பாதி வீட்டுக்கு ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ ஒரு சித்தப்பா இருக்கிறார், விடுமுறைக்கு வரும்போது பைக்குள் சுருட்டி லென்ஸ் வரும். அந்த வழி இல்லாதவருக்குப் பழைய லென்ஸ்தான். இரண்டிலும் பார்க்க வேண்டியது ஒன்றே, ஆனால் பழையதில் நிதானமாக.

இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். தொலைபேசியின் விளக்கைப் போட்டு, முன்பக்கத்திலிருந்து சரிவாக அடித்து, பின்பக்கத்தால் பாருங்கள். பிறகு விளக்கை மாற்றிப் பின்னாலிருந்து அடித்து முன்னால் பாருங்கள். நாலைந்து தூசி தெரியும், அதனால் படத்துக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய நூல்கள் கிளைவிட்டு ஊர்ந்திருந்தால் அது பூஞ்சணம், மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். துடைத்துத் தருகிறேன் என்பார், மேல் கண்ணாடி என்றால் துடைபடும், நடுக் கண்ணாடிக்குள் போயிருந்தால் திரும்ப வரும், பூச்சையும் தின்றிருக்கும். கமராவில் பூட்டி, எஃப் 11 வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்தி இதழ்கள் சட்டென்று மூடுகின்றனவா என்று பாருங்கள். இதழில் எண்ணெய் பளபளத்தால் அது ஒட்டும், வெயிலில் இன்னும் ஒட்டும். பின் வளையத்துத் திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தீர்கள் என்று கேளுங்கள், பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள். கடைசியாக, கடை வாசலுக்கு வந்து வீதியில் வரும் முச்சக்கரவண்டியைத் தொடர் ஃபோகஸில் பத்துப் பதினைந்து படம் எடுத்து அங்கேயே பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஓடும் பிள்ளையைவிட வேகமாக வரும் அதன் இலக்கத் தகடு வாசிக்க முடிகிறதென்றால் லென்ஸின் மோட்டார் நலமாக இருக்கிறது.

பூஞ்சணம் வாங்கும் இடத்தில் மட்டுமல்ல, நம் அலுமாரியிலும் வளரும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்து மாடிவீட்டில் யன்னல் கம்பியே வருஷத்துக்குள் துருப்பிடிக்கிறது. அந்த உப்பும் ஈரமும் தோல் பைக்குள் மூடிக் கிடக்கும் லென்ஸை விடுமா? ஈரப்பதத்தை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருக்கும் உலர்பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடுவது. அதைவிட மலிவான மருந்து, லென்ஸை வாரத்துக்கு ஒருநாளாவது வெளியே எடுத்துப் பாவிப்பது. வருஷத்துக்கு ஒரு விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் எடுக்கும் லென்ஸ்தான் முதலில் பூக்கிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சரி அண்ணை, கடைசியா என்னதான் வாங்க?" என்பார்கள். பிள்ளை ஆரம்பப் பிரிவு, கையில் சின்னச் சென்சர் கமரா, ஒரு லென்ஸுக்குத்தான் காசு என்றால் பழைய 55-250. கொஞ்சம் கூட இருந்தால் அதோடு ஒரு 85 எஃப் 1.8. பிள்ளை மேல்பிரிவுக்குப் போய் உதைபந்தோ வலைப்பந்தோ விடாமல் ஆடுகிறது, இன்னும் நாலைந்து வருஷம் ஆடும் என்று தெரிந்தால் 70-200, தோள் தாங்குமென்றால் எஃப் 2.8, தாங்காதென்றால் எஃப் 4. அறுநூறைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வகுப்பு ரீச்சரிடம் போய், முடிவுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், கொடி பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் இருக்க விடுவாரா என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் பாடசாலைக்குத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அநேகமாக விடுவார்கள்.